நார்மல் அக்கா

பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளை 'நார்மல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிப் பெயர்தான், ஆனால் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூட்டுவாதக்காரர்களின் ரத்தத்தை ஆராயும் இடம் அது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். யாரையாவது தேடி அலைவானேன் என்று, தலைவலிக்குக்கூட லீவு போடாத அவள் கையிலேயே ஊசியைக் குத்திவிடுவார்கள்.

ரத்தத்தில் ஒளிரும் சாயத்தைச் சொட்டு பிசகாமல் விடுவது அவள் வேலை. நோய் எதிர்ப்புச் செல்கள் சண்டைக்குக் கிளம்பும்போது தங்கள் மேற்பரப்பில் ஒரு மூலக்கூறை நிறைய ஏற்றி வைத்துக்கொள்ளும். சாயம் அதில் போய் ஒட்டும். கிருமி வந்தால் அந்தக் கிளம்பல் நல்லதுதான். கிருமியே இல்லாமல் கிளம்பி, சொந்த மூட்டுகளையே எதிரி என்று அடித்தால் அதற்குப் பெயர் மூட்டுவாதம். அந்த ஒளியை அளக்கும் மெஷினின் திரையில் நார்மல் ரத்தம் இடப்பக்கம் ஒரு மேடாகத் தெரியும். ஒளி கூடுவதால் நோயாளியின் மேடு வலப்பக்கம் தள்ளி நிற்கும்.

கொஞ்ச காலமாக அவளுடைய மேடு வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. சாயம் கெட்டுவிட்டது என்று கூடத்தை நடத்தும் டாக்டரம்மா புதுச் சாயம் வாங்கினார், மெஷினைக் கழுவச் சொன்னார். அக்கா கழுவிவைத்தாள்.

வீட்டிலோ காலையில் விரல் மடங்கவில்லை.

"என்ன, பாட்டிலோட மல்லுக்கட்டுறே?" என்றார் கணவர்.

"மூடி இறுக்கமா இருக்கு."

"நேத்தும் நான்தானே திறந்து குடுத்தேன். டாக்டர்கிட்ட காட்டேன்."

"தினமும் டாக்டர் மூஞ்சியிலதான் முழிக்கிறேன்."

பேச்சை மாற்றிவிட்டாளே தவிர, அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். கை போனால் இந்த வேலை போச்சு. பயந்தாள், அதைப் பூசி மெழுக ஒன்றுமில்லை.

அன்று மூட்டுவாதத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு கொத்தனார் வந்திருந்தார். டாக்டரம்மா அவருக்குத் திரையைக் காட்டினார்.

"உங்க மேடும் நார்மல் மேடும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சு. மருந்தை நிறுத்திப் பாக்கலாம்."

"அப்போ மறுபடியும் சாரம் ஏறலாமா, டாக்டர்?" அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

அக்கா திரையைப் பார்த்தாள். அவர் மேடு இந்தப் பக்கம் வரவில்லை. இவளுடையதுதான் அவரிடம் போயிருக்கிறது. எழுந்தாள், உட்கார்ந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள். கொத்தனார் செருப்பை மாட்டத் தொடங்கியிருந்தார்.

"மேடம், அவரை அனுப்பாதீங்க. சாயம் கெடல. நான்தான்..."

"என்னக்கா சொல்றீங்க?"

அக்கா கிட்டே வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி முஷ்டி மடக்கிக் காட்டினாள். விரல்கள் பாதியில் நின்றன. டாக்டரம்மா வீங்கிய கணுக்களை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு மூணு மாசமா."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உண்மையாயிடுமேன்னு..."

மருந்தை நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும் கொத்தனார் பாதி புரிதலும் பாதி எரிச்சலுமாகக் கிளம்பிப் போனார். அவருடைய ரத்தம் மீதி இருந்தது; மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கக் கூடத்து வாட்ச்மேன் வந்து, ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி ரத்தம் கொடுத்தார். பிறகு டாக்டரம்மா அக்காவிடமும் எடுத்தார். எடுத்த குழாயைப் பழக்க தோஷத்தில் நார்மல் வரிசையில் செருகினார்.

அக்கா அதை உருவினாள். பிடி நழுவப் பார்த்தது. இரண்டு கைகளாலும் பிடித்து, கொத்தனாரின் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.