ஒண்ணுக்குப் போனானா?

டென்மார்க்கில் சாயங்காலம் பிள்ளைக் காப்பகத்துக்குப் போனால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மெட்டே என்ற அம்மாள் முதலில் சொல்வது என் மகனின் மூத்திரச் சமாச்சாரம். இன்றைக்கு டயப்பர் நன்றாக நனைந்ததா, இல்லையா. சாப்பிட்டானா, அழுதானா என்பதெல்லாம் அப்புறம்தான். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக வரும். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் மாட்டு டாக்டர்தான் இப்படியெல்லாம் விசாரிப்பார்.

போன கோடையில் ஒன்றரை வயது மகனோடு எங்கள் ஊரான எம்.ரெட்டியபட்டிக்குப் போயிருந்தேன். தொட்டித் தண்ணீரைக் கண்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குளித்தான், அள்ளிக் குடித்தும் இருப்பான். பேதி தொடங்கியது. மறுநாள் டயப்பரைப் பிரித்தால் சளியும் ரத்தமும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இது தொக்கம்த்தா. எடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஊசி போட்டா உள்ளயே இறுகிரும். எடுக்குற வரைக்கும் பச்சத்தண்ணி குடுத்துறாத."

தின்ற பண்டம் குடலில் ஒட்டிக்கொள்வதைத்தான் எங்கள் பக்கம் தொக்கம் என்பார்கள். அதை எடுக்கவென்றே ஆள் உண்டு. கழுத்தை நீவி, குழல் வைத்து உறிஞ்சி, ஒரு சோற்றுப் பருக்கையைத் துப்பிக் காட்டுவார். நம்பாதவர் எங்கள் தெருவில் கிடையாது. ஐரோப்பாவில் குப்பை கொட்டுகிற நானும் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். அவளுடைய ஒரே மகளுக்கும் இந்த வயதில் இதே ரத்தம்தான். தண்ணீரை நிறுத்தி, தொக்கம் எடுத்துத் திரும்பி வரும் வழியிலேயே அக்கா மடியில் அவள் உயிர் போய்விட்டது. கூட்டிப் போனவர் அப்பா. அதைப் பற்றி இருவரும் அன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எம் புள்ளைக்கு எடுத்தது போதும்ப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். என் மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்துவிட்டாள். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஷேர் ஆட்டோவில் பிள்ளை அழுதான், கண்ணீர் வரவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு மூத்திரம் நின்றதே தெரியவில்லை.

"சீதபேதிம்மா இது. ரத்தத்தப் பாத்ததுமே தூக்கிட்டு வரணும். பேதியாகுற புள்ளைக்குத் தண்ணிய நிறுத்தலாமா? வயித்துல ஒட்டுறதுக்கு என்ன இருக்கு, உடம்பே வத்திப்போச்சு."

மலத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை அக்கா கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் அவள் மடி நனைந்தது.

"ஒண்ணுக்குப் போயிட்டான்டி!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை என் பிள்ளைக்காக மட்டும் இல்லை. சேலையை மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை. அந்த ஈரத்தோடேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போதெல்லாம் மெட்டே வாயைத் திறக்கும் முன் நானே கேட்டுவிடுகிறேன். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று ஒருநாள் முகம் வாடிக் கேட்டாள். பால், ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் எனக்கு டேனிஷ் வரும். அதை வைத்துக்கொண்டு இந்தக் கதையை எப்படிச் சொல்ல? தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்றேனா, ஆமாம் என்றேனா, எது அவளுக்குப் புரிந்ததோ.

மகனோடு பேருந்தில் ஏறியதும் ஊரிலிருந்து போன் வந்துவிடும்.

"போனானா?"

"போனான்க்கா."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்கும். "என்னத்தா சொல்றா?" அக்கா பதில் சொல்லமாட்டாள். அவர் இன்னொரு முறை கேட்பார். அதற்கும் சொல்லமாட்டாள். சத்தம் போட்டுப் பேசவே கூடாத அந்தப் பேருந்தில், அவருக்குக் கேட்கட்டும் என்று நான் கத்துகிறேன்: "ஒண்ணுக்குப் போனான்ப்பா!"