பிராக்டிஸ் கணக்கில் வராது

ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் என் கணவர் நின்றார். பொத்தான் ஓட்டைதான் சிறிது என்று நானே அதைக் கத்தரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பிறகு பேச்சுக் குழறியது, நடை தள்ளாடியது. குடியைத் தொட்டே அறியாத மனிதரை வாவிக்கரை ரோட்டில் எல்லாரும் குடிகாரன் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

அவர் ஒரு காலத்தில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர். இங்கே அந்த எடைக்கு ஆளே இல்லை. பல போட்டிகளில் எதிராளி இல்லாமலே பதக்கம் கொடுத்துவிடுவார்கள். "சும்மா நிண்டே சம்பியன் ஆனவர்" என்று நான் கேலி செய்வேன்.

"எத்தனை சண்டை பிடிச்சிரிக்கீங்க ஐயா?" என்று முதல் டொக்டர் கேட்டார்.

"கொஞ்சம்தான். பெரிசா அடி வாங்கல்ல" என்றார் இவர், பெருமையோடு.

டொக்டர் பார்க்கின்சன் (உடல் நடுங்கி இறுகும் நரம்பு நோய்) என்று மாத்திரை எழுதினார். மாத்திரை உள்ள நோய்தானே என்று எனக்கு நிம்மதி. பலன் இல்லை.

இரண்டாவது டொக்டர் ஸ்கானை (மூளையின் உட்படம்) பார்த்துவிட்டு, "பிராக்டிஸில எவ்வளவு அடி வாங்கினீங்க?" என்றார்.

"அதையும் எண்ணுறதா? பொடியனுகள் எல்லாரும் எனக்குத்தான் அடிச்சுப் பழகினவனுகள். பாரமான ஆள் தாங்குவான் எண்டு கோச் சொல்லுவார்."

போட்டியை விட்ட பின்னும் வருடக்கணக்கில் அந்தப் பிராக்டிஸுக்குத்தான் போனார். மேடையில் வாங்கினால் அடி, மற்றது பிராக்டிஸ். அவர்களுக்குள் அப்படித்தான் வழக்கம்.

"அந்த அடியெல்லாம் சேந்துதான் மூளை சுருங்கியிரிக்கு அம்மா. திருப்ப ஏலாது."

"என்னையாவது மறக்காம இருப்பாரா?"

"கொஞ்ச நாளைக்கு" என்றார் டொக்டர்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டொக்டரிடம் பிராக்டிஸையும் சொல்லுங்கள். சொன்னால் தேறிவிடுவார் என்று நான் சொல்லமாட்டேன். இவர் தேறவில்லை.

இப்போது சவரம் செய்வதும் சோறு தீத்துவதும் (ஊட்டுவதும்) நான்தான். என் கை உயர்ந்தால் நாடியை (மோவாயை) நெஞ்சில் புதைத்து, இரு கைகளாலும் முகத்தை மறைக்கிறார். அதனால் கைகளைத் தாழ்த்தி, முன்பக்கமாக மெல்லப் போகப் பழகிக்கொண்டேன். சந்தையில், கோயிலில்கூட என் கைகள் இடுப்புக்கு மேல் எழுவதில்லை.

நேற்று முகம் துடைக்கப் போனேன். கைகளின் இடுக்கால் என்னைப் பார்த்தார்.

"மெல்ல அடி மச்சான். நாளைக்கும் வரணும்."

"நான் பிலோமினா" என்றேன்.

"ஓம் ஓம்" என்றார். கைகளை இறக்கவில்லை.

நாளை என்ற சொல்லே இப்போது எனக்குப் பயம். ஆனாலும் நாளைக்கும் ஈரத்துணியோடு அவர் முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும், அவருக்கு அடித்துப் பழகிய பொடியன்களில் ஒருவனாக.