அப்பளம் இட்டவளும் துப்பாக்கி வைத்திருந்தவளும்

எழுபதுகளின் கடைசியில் நான் பெரம்பலூரில் குடியிருந்து, அரியலூரில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். தினமும் பஸ் பயணம். என் துணிப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு எப்போதும் மூன்று புத்தகங்கள் கிடக்கும்: படித்து முடித்தது, படித்துக்கொண்டிருப்பது, அடுத்துப் படிக்கப்போவது. முடித்ததை ஏன் சுமக்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். யாராவது அகப்பட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டாமா?

அப்படி அகப்பட்டவர்தான் அரியலூரில் நர்ஸாக இருந்த அக்கா. பஸ்ஸில் எல்லாரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். கதை என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் குமட்டும். ஆகவே நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கொஞ்ச நாளில் கண்டக்டரும் எங்கள் சீட்டுக்கு அருகே கம்பியில் சாய்ந்து நிற்கத் தொடங்கினார். அதன் பிறகு பின் சீட்டுக்காரர்கள் டிக்கெட்டுக்காக அவரைத் தேடி வர வேண்டியதாயிற்று.

வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்துகொள்வது என் வழக்கம். வாரம் ஒரு வாயாகக் கதை சாப்பிட எனக்குப் பொறுமை கிடையாது. முழுதும் சேர்ந்த பிறகே படிப்பேன். ஒருமுறை இரண்டு தொடர்களைச் சேர்த்துக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் தடியாக ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். இன்னொன்றுக்குப் பசை காயவில்லை போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

கதாநாயகி ஏழைப் பெண். அப்பளம் இட்டு விற்றுத் தம்பிகளைப் படிக்க வைக்கிறாள். சிஸ்டர் முதல் நாளே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அதே பெண் மலைமேல் ஒரு பங்களாவில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கைப்பையில் துப்பாக்கியோடு நின்றாள்.

"அப்பளத்துல இவ்ளோ வருமானமா?" என்றேன்.

"பாவம், என்ன கஷ்டமோ அங்க போய் நிக்கிறா" என்றார் சிஸ்டர்.

கண்டக்டர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அப்பளமெல்லாம் சும்மா கண்துடைப்பும்மா. உள்ள வச்சு வைரம் கடத்துறா. நீ படி, தெரியும்."

அன்றிலிருந்து கதை எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. அவள் உளுந்து மாவு பிசைந்தாலே கண்டக்டர், "பாத்தியா, பாத்தியா!" என்பார். கதைக்குப் போட்ட படத்தில் அவள் முகம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறியது. மாறுவேடம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

பிறகு அவளை யாரோ சுட்டுவிட்டார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கையைக் கழுவினார். அடுத்த அத்தியாயத்தில் அவள் அடுப்பை ஊதி அம்மாவுக்குக் காப்பி போட்டாள்.

சிஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"போஸ்ட்மார்ட்டம் ஆனவ எப்டி எந்திரிப்பா?" என்றார் சிஸ்டர்.

"டாக்டரு தப்பா அறுத்திருப்பாருங்க. வேற ஆள அறுத்திருப்பாரு" என்றார் கண்டக்டர்.

"எந்த ஆஸ்பத்திரியில அப்டி அறுக்குறாங்க? நீங்க வந்து பாத்தீங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சிஸ்டர்."

"உங்க பஸ்ஸு தப்பான ஊருக்குப் போவுதுன்னு ஒரு பேச்சுக்கு நான் சொல்லட்டுமா?"

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "யோவ், பேரளி ஸ்டாப்பு போயிடுச்சுய்யா!" என்று கத்தினார். கையில் சேவல். விசிலடிக்கக் கண்டக்டர் மறந்தே போனார். இறங்கும்போது அந்த மனிதர் திட்டவில்லை. படியில் நின்றபடி, "அது ரெட்டைப் புள்ளையா இருக்கும், நல்லாப் பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினேன். கதை அவசரத்தில் அதுவரை தலைப்பையும் நம்பரையும் நான் கவனித்ததே இல்லை. பதினோராம் அத்தியாயம் இரண்டு இருந்தது. பன்னிரண்டும் இரண்டு. சிரிப்பில் மோர்சாதம் புரையேறிவிட்டது. இரண்டு கதையிலும் கதாநாயகிக்கு ஒரே பெயர். சாயங்காலம் பைண்டிங் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"ஒரே பொண்ணுன்னு நெனச்சு நம்பர் பாத்து அடுக்கித் தெச்சுட்டேங்க" என்றார் அவர். "அடுக்கும்போதே படிச்சுப் பாத்தேன். நல்லாத்தான போச்சு?"

பிரித்து இரண்டு புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார். நான் முதலில் குடும்பக் கதையைப் படித்தேன். அவள் அப்பளம் இட்டாள், தம்பிகள் படித்தார்கள், கல்யாணம் ஆயிற்று. கண்டக்டர் பாதியிலேயே டிக்கெட் போடப் போய்விட்டார். சிஸ்டர் நிஜமாகவே தூங்கிவிட்டார். துப்பறியும் கதையும் எடுபடவில்லை. அவள் செத்தாள், செத்தவள் செத்தவளாகவே கிடந்தாள்.

"இதுல அந்த அம்மா இல்ல, தம்பிங்க இல்ல, யாருமே அழுவ மாட்டேங்குறாங்களே" என்று சிஸ்டர் குறைப்பட்டுக்கொண்டார்.

கண்டக்டர் இரண்டு புத்தகங்களையும் வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் படிம்மா. அப்பதான் சரியா வரும்."

அப்படியே படித்தேன். அவள் செத்து எழுந்து காப்பி போட்டபோது சிஸ்டர் கைதட்டினார். இந்த முறை டாக்டரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் தனியாக ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியதில்லை. அடுத்து என்ன என்று நூலகத்தில் தேடும்போது, எதோடு எதைச் சேர்ப்பது என்றுதான் யோசிப்பேன். ஒருமுறை கரும்புச் சாகுபடிப் புத்தகத்தோடு ஒரு பேய்க்கதையை எடுத்துப் போனேன். முதல் அத்தியாயத்தில் கரும்புக் கரணை நட்டு முடித்ததுமே, கண்டக்டர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து நின்றார்.