குரங்கின் மேல் போட்ட பழி

போன வருடம் சித்திரை மாதம், திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்று மத்தியானம் திருவள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் அக்காவும், பிறந்து ஐந்தே நாளான அவள் பெண்குழந்தையும் வீட்டுக்கு வர இருந்தார்கள். பின்பக்கத்து அறையைக் கழுவித் துடைத்துக் கட்டில் போட்டு, சாம்பிராணி காட்டித் தயாராக வைத்திருந்தார் அம்மா. எனக்குத்தான் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. அதுதான் வினை.

சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு மாதம் கிடார், அடுத்த மாதம் ஜப்பானிய மொழி, அதற்கடுத்து கேக் என்று போய், அப்போது சிலம்பத்தில் வந்து நின்றிருந்தேன். வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் மூன்று வருடம் கற்றவள் மாதிரி ஒரு நினைப்பு. வீட்டுக்குள் கம்பு சுற்றக் கூடாது என்று மாஸ்டர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். அம்மா அதையே, "இன்னொரு வாட்டி வூட்டுக்குள்ள சுத்துனன்னு வெச்சிக்க, ஒடச்சி வெந்நீர் அடுப்புல சொருகிடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

காலை எட்டரை மணி. அம்மா ஆரத்திச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நைனா குளித்துக்கொண்டிருந்தார். (எங்கள் பக்கம் தமிழ் வீடுகளிலும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. குழந்தைக்காக ஒழித்துவைத்த அறை விசாலமாக, கட்டிலைத் தவிரக் காலியாக இருந்தது. ஒரே ஒரு சுற்று என்று ஆரம்பித்தேன். நாலாவது சுற்றில் வியர்த்த கையிலிருந்து கம்பு நழுவியது. நேராகப் போய் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, சாத்தியிருந்த கதவின் கண்ணாடியை இடித்தது.

பாதிக் கண்ணாடி உள்ளே விழுந்தது. மீதி வெளியே, கொல்லைப்புற மண்ணில். நான் முதலில் கம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு வெளியே ஓடி, மண்ணில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, உள்ளே கிடந்தவற்றையும் கூட்டி அள்ளி, ஒரு பழைய பெயின்ட் பக்கெட்டில் போட்டேன். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அம்மா வந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"குரங்குமா. வெளியேர்ந்து வந்து ஒரே குதி."

இந்த ஊரில் இதைவிட நம்பகமான பொய் கிடையாது. மலைக்குப் போய்வருகிறவர்கள் கையிலிருக்கும் தேங்காய் மூடியைப் பிடுங்கும், மொட்டை மாடியில் வற்றல் தின்னும், கேபிள் ஒயரில் ஊஞ்சல் ஆடும். யார் வீட்டில் எது காணாமல் போனாலும் எது உடைந்தாலும் குரங்கு என்றால் மறு கேள்வி வராது. தலை துவட்டிக்கொண்டே வந்த நைனா எனக்குச் சாட்சியே சொன்னார். "நேத்தே பாத்தேன், ஒண்ணு இந்தப் பக்கமாவே பாத்துகினு உக்காந்திருந்துச்சு. மூஞ்சியே சரியில்ல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பச்சைக் குழந்தை வரும் அறைக்குக் கண்ணாடி இல்லாத ஜன்னல் ஆகாது. பொய்க்குக் குரங்கைச் சொன்னாலும் நிஜக் குரங்கு வரத்தானே செய்யும்? நைனா கடைத்தெருவில் கண்ணாடி போடுகிறவருக்கு போன் பண்ணி, குரங்கு உடைத்த கதையையும் குழந்தை வரப்போவதையும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார் அவர். அம்மா கொல்லைக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடித்துப் பையில் வைக்க, நைனா அதை எடுத்துக்கொண்டு ஒன்பதரை ரயிலுக்குத் திருவள்ளூர் கிளம்பினார்.

கண்ணாடிக்காரர் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்காரர். முப்பது வயது இருக்கும். மொபெட்டில் பலகைச் சட்டம் கட்டி, அதில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு வந்தார். பேச்சில் பாதி கிண்டல். ஜன்னலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டத்தில் ஒட்டியிருந்த சில்லுகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அளவெடுக்கப் போகிறார் என்று பார்த்தால், "பழைய கண்ணாடி எங்க சிஸ்டர்?" என்றார்.

பக்கெட்டைக் காட்டினேன்.

"குப்பையில ஒண்ணும் போடலியே?"

"இல்லண்ணா. எல்லாம் இதுலதான்."

தரையில் செய்தித்தாளை விரித்தார். கண்மதிப்பில் சட்டத்தின் அளவுக்கு அதில் ஒரு கட்டம் வரைந்தார். பக்கெட்டிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி அடுக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானம் குழந்தை வருகிறது, இவர் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறாரே என்று, "அண்ணா, புதுசு போட்டா போதும்ணா. இத ஒட்ட வேணாம்" என்றேன்.

"ஒட்றதுக்கு இல்ல சிஸ்டர். பழசு முழுசா சேராம நான் புதுசு போட மாட்டேன். ஒரு வூட்ல இப்பிடித்தான், எல்லாம் கூட்டியாச்சுன்னாங்க. ஒரு துண்டு தவுட்டுத் தொட்டியில கெடந்திருக்குது. மாடு தின்னுடுச்சு." கை அடுக்கிக்கொண்டே இருந்தது. "உங்க வூட்ல கொயந்த வருதுன்னு வேற சொல்றீங்க."

அது வேகமான கை. கால் மணி நேரத்தில் கட்டம் நிறைந்துவிட்டது, நடுவில் ஓர் ஓட்டை தவிர. கட்டைவிரல் அகலத்தில், ஒரு பக்கம் கூராக நீண்ட முக்கோணம். சட்டத்தில் பிடுங்கிய சில்லுகளையும் வைத்துப் பார்த்தார். எதுவும் அங்கே சேரவில்லை.

அம்மாவும் நானும் அறையைச் சல்லடை போட்டோம். மெத்தையைத் தட்டினோம், தலையணை உறையைப் புரட்டினோம். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்க அம்மா குனிந்தபோது நானே முந்திக்கொண்டு குனிந்தேன், கம்பு தெரியக்கூடாதே என்று. அந்த நேரத்திலும் என் கவலை அதுதான்.

எங்கேயும் இல்லை. கண்ணாடிக்காரர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒரு சந்தேகம். குரங்கு வெளியேர்ந்துதான அடிச்சுது? கண்ணாடி உள்ள விழணும். இந்தத் துண்டுல எல்லாம் மண்ணு ஒட்டிகினு இருக்குதே, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"கொஞ்சம் வெளியவும் விழுந்துதுண்ணா."

"கொஞ்சமா? பாதிக்கு மேல மண்ணுதான்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், இந்த ஊரு குரங்குக்கு வாய் மட்டும் இருந்துச்சுன்னா நம்மள எல்லாம் கேஸ் போட்டு உள்ள தள்ளியிருக்கும்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். கண்ணாடிக்காரர் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "யாரு ஒடச்சாங்கன்னு எனுக்குத் தேவையில்ல சிஸ்டர். எந்தப் பக்கத்துலேர்ந்து பட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அத வெச்சித்தான் துண்டு எங்க போயிருக்கும்னு பாக்க முடியும்."

"உள்ளேர்ந்து" என்றேன். "கம்பு. நான்தான்."

  கண்ணாடிக்காரர் எழுந்துபோய் ஜன்னல் கம்பி வழியாக வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு மூன்றடி தள்ளிக் கொடிக்கயிறு வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒடஞ்சப்ப இந்தக் கயித்துல ஏதாச்சும் காஞ்சிகினு இருந்துச்சா?"

அம்மா கையில் இருந்த டார்ச் கீழே விழுந்தது.

விடியற்காலையில் அம்மா துவைத்துப் போட்டது குழந்தையின் துணி. நைனாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொதிக்க வைத்து அலசிய மெத்தென்ற துண்டுகள், மொத்தம் பத்து. கயிற்றில் இரண்டாக மடிந்து தொங்கியவை. அப்படியே இழுத்து, எட்டாக மடித்து, பையில் வைத்து, நைனாவிடம் கொடுத்தது அம்மாதான். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது குழந்தையைச் சுற்றுவதற்கு.

நைனாவுக்கு போன் போட்டேன். டி.வி. மேல் சார்ஜில் இருந்த அவருடைய போன் எங்கள் வீட்டிலேயே அடித்தது.

அக்காவுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. குழந்தை தூங்க வேண்டும் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள். அக்காவின் வீட்டுக்காரருக்கு, பாவாவுக்குப் போட்டேன். வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி. மறுபடி. நைனா ரயில் இந்நேரம் மணவூரைத் தாண்டியிருக்குமா, இறங்கியிருப்பாரா, ஆட்டோ பிடித்திருப்பாரா என்று அம்மா வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவசரத்தில் ஒருமுறை வேறு யாருக்கோ போன் போய்விட்டது. கண்ணாடிக்காரர் தாளின் மேல் யார் காலும் பட்டுவிடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ பாவா எடுத்தார். "ஆங், சொல்லு. காரு பேசிட்டேன். மாமா வந்துட்டாரு..."

"பாவா, நைனா கொண்டாந்த துணிய எடுக்காதீங்க. கண்ணாடி இருக்குது அதுல."

"இன்னாது? உள்ள குடுத்தாச்சே. ஆயாம்மா கொயந்தைக்கு சுத்திகினு இருக்காங்க."

அதற்கப்புறம் அவர் செருப்பு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடும் சத்தம்தான் கேட்டது. எவ்வளவு நீளமான வராந்தா அது. பிறகு ஒரு கதவு. ஏதோ குரல்கள். குழந்தையின் அழுகை. அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா குரல் வந்தது. "சுத்துன துணிய அவுத்துட்டோம். நர்ஸ் பாக்கறாங்க." பிறகு அவளே, "ஒண்ணும் இல்ல. ஒடம்புல எங்கயும் ஒண்ணும் இல்ல. அவரு பையில இருக்கறத உதறிகினு இருக்காரு."

மூன்றாவது துணியை உதறியபோது தரையில் 'டிங்' என்று விழுந்ததாம். அந்தச் சத்தம் எனக்கும் போனில் கேட்டது என்று இன்றுவரை நினைக்கிறேன். நிஜமாகக் கேட்டதா என்று தெரியாது. "கெடச்சிடுச்சி" என்று அக்கா அழுதாள். நானும் அழுதேன். அம்மா மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இருங்க இருங்க" என்றார் கண்ணாடிக்காரர். "பக்கத்துல ஒரு ரூபா காசு வெச்சி போட்டோ புடிச்சி அனுப்பச் சொல்லுங்க."

படம் வந்தது. அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து, தாளில் இருந்த ஓட்டையின் பக்கத்தில் வைத்தார். என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி போனை.

"இது முழுசு இல்ல. முனை ஒடஞ்சிருக்குது பாருங்க. கூரா ஒரு மூக்கு இருக்கணும். நகம் அளவுக்கு இன்னும் ஒண்ணு அங்கதான் இருக்குது."

நாங்கள் மட்டும் இருந்திருந்தால், கிடைத்துவிட்டது என்று அத்தோடு விட்டிருப்போம். மீதித் துணியைக் குழந்தைக்குச் சுற்றி காரில் ஏற்றியிருப்பார்கள். அக்காவிடம் சொன்னேன். பையைக் கவிழ்த்தார்கள். பத்துத் துணியையும் வெயிலில் பிடித்து, நூல் நூலாகத் தடவினார்கள். கடைசியில் கிடைத்தது, முதலில் அவிழ்த்து அவசரமாகக் கட்டில் ஓரம் வீசிய துணியில். குழந்தையைச் சுற்றியிருந்த அதே துணி. ஓரத்து மடிப்பில் ஊசி மாதிரி செருகிக்கொண்டு நின்றதாம். இன்னும் ஒரு சுற்று சுற்றி இறுக்கியிருந்தால் அந்த மடிப்பு குழந்தையின் கழுத்தடியில் வந்திருக்கும் என்று ஆயாம்மா சொன்னதை, அக்கா பல நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

இரண்டாவது படம் வந்ததும் கண்ணாடிக்காரர் சுண்ணக்கட்டியால் தாளில் முதல் துண்டையும் அந்த மூக்கையும் வரைந்தார். ஓட்டை முழுசாக அடைபட்டது. "ஆங். இனிமே ஒண்ணும் இல்ல, நிம்மதியா கூட்டியாரச் சொல்லுங்க" என்றார்.  ஒருவர் 'இனிமேல் ஒன்றும் இல்லை' என்று சொல்லி, அது உண்மை என்று கண்ணால் பார்க்கவும் முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகுதான் அவர் அளவெடுத்தார். புதுக் கண்ணாடியை நாலு பக்கமும் துளி குறைத்து அறுத்தார். மழையில் மரச்சட்டம் ஊறி உப்பினால் கண்ணாடிக்கு மூச்சுவிட இடம் வேண்டுமாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அம்மா காபி கொடுத்து, "தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்றார். அவர் என்னைக் காட்டி, "திட்டாதீங்கம்மா. வாயத் தொறந்துச்சே, அது போதும். சில வூட்ல கடைசி வரைக்கும் குரங்குதான்" என்று சொல்லிவிட்டு, பழைய துண்டுகளைத் தாளோடு சுருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. குழந்தை ஆஸ்பத்திரிப் போர்வையில் சுற்றப்பட்டு வந்தாள். ஆரத்தி எடுத்து முடித்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தாள். எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையை என் கையில் கொடுத்தாள். குழந்தையின் கழுத்தையும், கன்னத்தையும், சுருட்டி வைத்திருந்த விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கொட்டாவி விட்டாள்.

இப்போதும் என் கையால் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் நாக்கு நுனியில் வந்து நிற்பது ஒரு சாக்குத்தான். ஆனால், யார் உடைத்தது என்பதை மறைக்கும்போது எங்கே போய் விழுந்தது என்பதையும் சேர்த்தே மறைத்துவிடுகிறோம் என்ற பயம் அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது.