தோற்ற பிறகும் எழும்பாத பிலோமினா

செவ்வாய்க்கிழமை காலை, தேநீருக்குப் பால்மா டின்னைத் திறந்துகொண்டிருந்தபோது பிலோமினாவின் மருமகன் அருளிடமிருந்து தொலைபேசி வந்தது. "சேர், அத்த போயிட்டாங்க" என்றான். "நேத்து சாயங்காலங்கூட ஆஸ்பத்திரியில நர்சம்மாவோட சண்ட போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. விடிஞ்சி பாத்தா பேச்சில்ல." அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு அழுகை வரும் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது. எங்களுக்குள் இரண்டு வருடங்களாக ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிலோமினாவை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுச் சென்றார்கள். திருமணம் செய்துகொள்ளாதவர். நான் பதுளையில் அரசாங்க அலுவலகமொன்றின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன், யாழ்ப்பாணத்தான், அப்புத்தளையில் தனியாக வசிப்பவன். எங்கள் இருவரையும் ஒரே வாங்கில் உட்காரவைத்தது ஒரு கணினி விளையாட்டு. இந்த வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்களுக்குள் வேறு தொடர்பு இருக்கவில்லை.

கோயில் மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பேசியவர்கள் எல்லாரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த ஆளை எனக்குத் தெரியாது. சாந்தமே உருவானவர், அதிர்ந்து பேசாதவர், பின்னால் நின்று மற்றவர்களை உயர்த்தியவர் என்றார்கள். பக்கத்தில் இருந்த அருள் சிரிப்பை அடக்க இருமினான். பிள்ளைக் காம்பராவின் கூரையைத் திருத்தித் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் அவர் "பணிவான வேண்டுகோள்" விடுத்ததாக ஒருவர் சொன்னபோது, எழுந்து மறுக்கவேண்டும் போலிருந்தது. வழக்கம்போல எழும்பவில்லை. ஆகவே இங்கே மறுக்கிறேன். அவர் வேண்டுகோள் எதுவும் விடுக்கவில்லை. மழை ஒழுகிய அன்று பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து தோட்டத்து ஆபிஸ் மேசைகளில் படுக்கவைத்தார். பெரிய கிளாக்கர் தன் பைலை இழுத்தபோது, "மெதுவா ஐயா, புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றாராம். கூரைத் தகரம் அந்த வாரமே வந்தது.

நினைவு மலருக்கு "நல்லதா நாலு வார்த்த" எழுதித் தரும்படி அவருடைய தங்கை கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். நல்லதா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

நான் அவரை முதலில் பார்த்தது அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில், மன்சூர் நானாவின் நெட் கடையில். ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் எழுத அங்கே போவேன். ஒருநாள் ஒரு பெண் நனைந்த குடையுடன் படியேறி வந்து, விளையாடிக்கொண்டிருந்த வாலிபன் ஒருவனின் காதைப் பிடித்தார்.

"டேய் அருளு, பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்கயா குந்தியிருக்க?"

"அத்த, விடுங்க. இப்ப நான் எழும்புனா நாலு பேரு சாவாங்க."

"எந்த நாலு பேரு? காட்டு."

அவன் திரையைக் காட்டினான். குடைத் தண்ணீர் தரையில் சொட்டச் சொட்ட அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தா இவன் ஏன் பின்னாலயே நிக்கிறான்?"

"அவன் சப்போட் அத்த. மத்தவங்களுக்கு ஒதவிக்கு."

"ஒதவியா? ஒளிஞ்சிக்கிட்டுல்ல இருக்கான். தள்ளு, நான் பாக்குறேன்."

கடை மூடும்வரை அருளுக்கு அந்தக் கதிரை திரும்பக் கிடைக்கவில்லை. சில வாரங்களில், அருள், அவனுடைய தோட்டத்து நண்பர்கள் மூவர், அத்தை என்று ஓர் அணி உருவானது. நண்பர்களில் ஒருவன் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் ஓர் இடம் வெறுமையாயிற்று. அவர் என் பக்கம் திரும்பினார். "கனடாவுக்குக் கடுதாசி எழுதுறவரே, எழுதி முடிச்சாச்சில்ல? கை சும்மாதானே இருக்கு, வாங்க இங்க." மறுக்கத் தெரியாததால் போனேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோட்டை, நடுவே மூன்று பாதைகள். கோட்டை விழுந்தால் தோல்வி. பாதைகளில் சிறு சிப்பாய்கள் தாமாகவே வந்துகொண்டிருப்பார்கள். ஒரு சிப்பாயைக் கடைசி அடி அடித்துக் கொல்பவருக்குப் பொன் கிடைக்கும். பொன்னைக் கொடுத்துத் தன் கோட்டையிலுள்ள கடையில் ஆயுதம் வாங்கலாம். அணியில் ஒருவர் பொறுமையாகப் பொன் சேர்த்து, முடிவில் எல்லாரையும்விடப் பலசாலி ஆகவேண்டும். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் அந்த வேலையை எனக்குத் தந்தார்கள். பொன்னை எனக்கு விட்டுவிட்டு எனக்குத் துணையாக வருபவர்தான் சப்போட். மற்ற அணிகளில் அந்த ஆள் பின்னால் நிற்பார், காயத்துக்கு மருந்து போடுவார். பிலோமினா ஒருநாளும் பின்னால் நின்றதில்லை. எதிர்ப்பக்கத்தில் என்னைப் போலப் பொன் சேர்த்துக்கொண்டிருப்பவன் எவனோ, அவன் எங்களை ஒன்றும் செய்யாதிருக்கும்போதே போய் அடிப்பார்.

"மிஸ், உங்கட வேலை எனக்கு உதவி செய்யிறதல்லோ? ஏன் அங்க போய் அடிபடுறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பின்னால நின்னு தண்ணி குடுக்கிறது ஒதவி இல்ல சேர். ஒங்கள அடிக்க வர்றவன் வாசல்ல முந்தி நான் போயி நிக்கிறேன் பாருங்க, அதான் ஒதவி."

அந்த அணியில் அதிகம் இறந்தவர் அவர்தான். ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலில் அவர் பெயர் எப்போதும் கடைசி. இதைக் குறைத்தால் எல்லாருக்கும் நல்லது என்று மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன். "செத்தாத் திரும்பி வர்ற எடத்துலயும் சாகப் பயப்படுறவர நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கடை முழுவதும் சிரித்தது. பிறகு சில ஞாயிறுகள் நான் போகவில்லை. ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். "கோவமா சேர்? கோவத்தோடயே வாங்க. கோவம் இருந்தாத்தான் ஒங்களுக்குக் கை நீளுது" என்று சொல்லிவிட்டு, நான் சப்பாத்துப் போடும்வரை வெளியே நின்றார். அவர் என்னை அவமதிக்காத ஒரு ஞாயிறு எனக்கு நினைவில்லை.

இனி அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹாட்வெயார் கடைக்காரரின் மகன் நிரோஷனும் அவனுடைய நண்பர்களும் வாரத்தில் ஆறு நாளும் மாலையில் டியூஷன் முடிந்து நெட் கடைக்கு வருவார்கள். ஞாயிறும் தங்களுக்கே வேண்டும் என்று மன்சூர் நானாவை நெருக்கத் தொடங்கினார்கள். எங்கள் பையன்கள் ஆறு நாளும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து வேலைக்கு நிற்பவர்கள். அவர்களுக்கு இருந்தது ஞாயிறு மட்டும். சண்டை கேட்டுக் களைத்த நானா ஒரு வழி சொன்னார்: இரு அணிகளும் ஆடட்டும், தோற்கிற அணி இனி ஞாயிற்றுக்கிழமை வரக்கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். பிற்பாடு தகராறு வரக்கூடாது என்று, நிபந்தனையை இரண்டு முறை உரக்கச் சொல்லிச் சம்மதம் வாங்கியவன் நான்.

போட்டியன்று நிரோஷன் உட்காரும்போதே ஆரம்பித்தான். "என்ன ஆயம்மா, புள்ளக் காம்பரா இன்னிக்கி லீவா?"

"லீவு இல்ல தம்பி. அஞ்சு புள்ளைக இங்கயே வந்திருக்கு. மூக்கத் தொடச்சிக்கிட்டு ஒக்காருங்க."

"கெழவனையும் ஆயாவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கானுக லயத்துக்காரனுக" என்றான் அவனுடைய நண்பன் ஒருவன். தோட்டத்து லயங்களில் குடியிருப்பவர்களை ஏளனமாக அப்படிச் சொல்வார்கள். அந்த நண்பன்தான் அவர்கள் பக்கத்தில் பொன் சேர்ப்பவன். அரைமணி நேரம் பிலோமினா அவனை ஒரு காசுகூடச் சேர்க்க விடவில்லை. அவன் மரத்தின் பின்னால் ஒளிந்தால் மரத்தின் பின்னால் போனார். கோட்டைக்குள் ஓடினால் வாசலில் காத்திருந்தார். அவன் கதிரையை உதைத்தபோது, "லயத்துக்காரி அடி எப்பிடித் தம்பி, சூடா இருக்கா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "பாவம் பாக்குற நேரமா இது?" என்று என் முழங்கையில் ஓர் இடி விழுந்தது.

நாங்கள் வெல்லும் நிலையில் இருந்தோம். அப்போதுதான் அது நடந்தது.

"சேர், இப்ப! கோட்டைக்குள்ள போவோம்!"

"பொறுங்கோ மிஸ், இன்னும் ஒரு ஆயுதம் வாங்கவேணும். கொஞ்ச நேரந்தான்."

"கடையிலயே குடியிருக்கப் போறீங்களா? வாங்கன்னா!"

அவர் போய்விட்டார். பையன்கள் மூவரும் அவர் பின்னால் போனார்கள். எதிரிக் கோட்டை வாசலில் நால்வரும் செத்தார்கள். புது ஆயுதத்துடன் நான் திரும்பி வந்தபோது என் முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். சில நிமிடங்களில் எங்கள் கோட்டை விழுந்தது.

நீங்க வரல என்பது அவர் கட்சி. நீங்கள் முந்திவிட்டீர்கள் என்பது என் கட்சி. இதுதான் அந்த முடியாத வாக்குவாதம். அந்த நிமிடத்தை நான் பலமுறை மனதில் ஆடிப் பார்த்திருக்கிறேன். சில நாட்களில் அவர் வெல்கிறார், சில நாட்களில் நான். எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் மகனுக்கு எழுத மட்டும் போனேன். பூசை முடிந்து பிலோமினா மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்து, வழக்கமான கதிரையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நிரோஷன் வந்தான்.

"ஆயம்மா, தோத்தீங்கதானே?"

"தோத்தேன்."

"அப்ப எழும்புங்க."

"மாட்டேன்."

"பேசினது பேசினதுதானே? எல்லாரும் ஒத்துக்கிட்டோமே!"

"வெளையாட்டுல தோத்தேன், சரி. ஞாயித்துக்கெழமைய நான் எப்பிடித் தம்பி பந்தயம் வச்சேன்? அது என்னோடதா? இந்தப் பயலுகளோடது. அத வைக்க எனக்கு உரிமை இல்ல. அன்னிக்கிப் புத்தி வரல, இன்னிக்கி வந்திருச்சி."

மன்சூர் நானா என்னைப் பார்த்தார். "சேர், நீங்கதானே நிபந்தனையச் சொன்னீங்க. நீங்களே தீத்து வைங்க."

"தோத்தாக்கள் எழும்பவேணும் எண்டுதான் பேச்சு" என்றேன். அது உண்மை. வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று இன்றும் தெரியவில்லை.

பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேருக்கு எழும்பணும்னா எழும்பட்டும். நாங்க இருக்கோம்." அன்று மாலைவரை அவர் எழும்பவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை. அடுத்த வாரமும் இதே கதை, அதற்கடுத்த வாரமும் இதே கதை. கடைசியில் நிரோஷனின் கூட்டம் ஞாயிறுகளில் பண்டாரவளைக்குப் போகத் தொடங்கியது. நானும் என் இடத்துக்குத் திரும்பினேன். "ஓ, நிபந்தனை வந்திருச்சி" என்பதுதான் வரவேற்பு.

அவர் செய்தது வாக்குத் தவறல். இதை அவரிடமே வாராவாரம் சொல்லியிருக்கிறேன். இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன். விடாப்பிடியும் வாய்த்துடுக்கும் கொண்ட மனுஷி. தனக்கென்று ஒரு காசும் சேர்க்காமல் ஆடினார் என்பதும் உண்மை. ஆனால் அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவர்களைக் குடையால் அடித்திருப்பார். அவருக்கு அடிப்பது பிடித்திருந்தது. யாருக்காக அடிப்பது என்பதை மட்டும் அவர் தெரிந்து வைத்திருந்தார்.

சென்ற ஞாயிறு, அடக்கம் முடிந்து முதல் ஞாயிறு, கடைக்குப் போனேன். அருளும் மற்ற இருவரும் வந்திருந்தார்கள்; யாரும் விளையாடவில்லை. நிரோஷன் நான்கு பேருடன் மேலே வந்தான். இப்போது அவனுக்கு மீசை வந்துவிட்டது. அவன் எங்களிடம் பேசவில்லை, நானாவிடம்தான் பேசினான். "அந்தம்மா இல்லதானே. இனிப் பேசினபடி நடக்கட்டும்." நானா தலையைக் குனிந்துகொண்டார். அருள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பப் பார்த்தான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கதிரையை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டேன். "தம்பி, நாங்கள் தோத்தது உண்மை. நிபந்தனையைச் சொன்னவனும் நான்தான்" என்றேன்.

"அப்ப எழும்புங்க சேர்."

"எழும்ப மாட்டன்."

"இது நியாயமா?"

"இல்லை."

அவன் என் வயதைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. "அருள், இரு" என்றேன். அவன் இருந்தான். நிரோஷன் கூட்டம் கொஞ்ச நேரம் வாசலை மறித்து நின்றது. எங்களை முறைத்துப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். அதில் என்ன தெரிந்தது என்று எனக்கு நினைவில்லை. பிறகு படியில் காலடிகள் இறங்கும் சத்தம் கேட்டது. வரும் ஞாயிறும் வருவார்கள். நானும் போகவேண்டும்.

மண்டபத்தில் பேசியவர்கள் அவருடைய சாந்தத்தையும் பொறுமையையும் எடுத்துக்கொள்ளட்டும். அவரிடம் இல்லாதவற்றைப் பங்கிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியாயமாகப் பார்த்தால் அது எங்களுடையதல்ல. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.