பறவை பார்த்துத் திறந்த குழாய்

எங்கள் தீவில், லம்பா லைன் என்ற பகுதியில் இருந்த எங்கள் வரிசை வீடுகளுக்குத் தெருக்குழாய் போட்ட ஆண்டில் நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் யாரும் பிடிக்கக்கூடாது. கோணிப்பையைச் சுற்றி, மேலே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி கப்பலில் வந்து தொடங்கிவைக்கும்வரை அது குழாயே அல்ல என்பது அலுவலகத்தின் முடிவு. நாடாவைக் கட்டியவர் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த என் அப்பா. விழாப் பொறுப்பு அவருடையது.

அம்மா வழக்கம்போல் வீங்கிய முழங்காலோடு பள்ளத்துக் கிணற்றுக்கு இறங்கி, குடத்தோடு மேடேறினாள். வழியிலிருந்த குழாயை, பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்தியைக் கடப்பதுபோல் கடந்தாள்.

ஆங்கில வரவேற்புரை எழுதும் வேலை எனக்கு வந்தது. 'ஓப்பன்' என்று எழுதினேன். பெட்டிக்கடையைத்தான் திறப்பார்கள் என்று சொல்லி, அப்பா அதை அடித்துவிட்டு 'இனாகுரேட்' என்று திருத்தினார்.

வேர் தெரியாத சொல்லைக் கையாள எனக்கு மனம் வராது. கல்லூரி அகராதியைப் புரட்டினேன். பழைய ரோமாபுரியில் 'ஆகுர்' என்றொரு குறிசொல்லும் பூசாரி இருந்தாராம். பொதுக்காரியம் எதையும் தொடங்குமுன் அவர் வானத்தைப் பார்த்து, பறவைகளின் போக்கைக் கொண்டு தெய்வச் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். அந்தச் சடங்கிலிருந்து பிறந்த சொல் இது. பூசாரியும் பறவையும் போய்விட்டாலும், காத்திருப்பு மட்டும் சொல்லுக்குள் பத்திரமாக இருந்தது.

இதையும் உரையில் சேர்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, சாகிப் முன்னாடி காக்கா குருவியப் பத்தியா பேசுவாங்க?"

விஷயம் என்னவென்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். சொன்னேன்.

"அவங்களுக்காவது பறவை தினமும் வந்திருக்கு. நம்ம கப்பல் எங்க இருக்காம்?"

கப்பல் சென்னையை விட்டே கிளம்பவில்லை. முதலில் கடல் சரியில்லை, பிறகு எஞ்சின், அதன்பின் அதிகாரியின் வயிறு.

ஒரு மழைக்காலைப் பொழுதில் அம்மா மேட்டில் வழுக்கி விழுந்தாள். குடம் பள்ளத்துக்கு உருண்டது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஓடிவந்து தூக்கிவிட்டாள். எழுந்த அம்மா கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. கோணிப்பையின் மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது.

"தீதி, தேக்கோ, சிடியா ஆ கயா" என்று இந்தியில் அவளிடம் பறவை வந்துவிட்டதைக் காட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "உத்தரவு கிடைச்சாச்சு. அவுத்து விடு."

அவிழ்த்தேன். அன்றுமுதல் விடிந்ததும் பெண்கள் நாடாவை அவிழ்ப்பார்கள். அலுவலகம் போகுமுன் அப்பா மறுபடி கட்டுவார். முடிச்சு மட்டும் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே வந்தது.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. பெண்கள் வெறுங்குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும், முதல் குடம் அம்மாவுடையது என்று அப்பா ஏற்பாடு செய்திருந்தார். பறவைகள் நீக்கப்பட்ட என் உரையை ஒருவர் வாசித்தார். சாகிப் நாடாவை வெட்டி, குழாயைத் திருகினார். அம்மா நீட்டிய குடம் காலையிலேயே நிரம்பியிருந்தது. அரசாங்கத்தின் முதல் தண்ணீர் முழுவதும் வழிந்து அவருடைய பூட்ஸுக்குள் இறங்கியது. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா காரணம் கேட்டார்.

"நல்ல காரியத்துக்கு யாராவது வெறுங்குடத்தோட போய் எதிர்ல நிப்பாங்களா?" என்றாள் அம்மா.