குழாய் வழியே பேசிய மருமகன்

விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கோடவுனுக்கு மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். கீழே மூட்டை இறங்கினால் மேலே நாங்கள் தும்முவோம். காது கேளாதவர்கள் தங்கள் செல்போனில் எழுத்தாக அடிப்பது எங்கள் கம்ப்யூட்டரில் வரும். அவர்கள் கேட்கும் நம்பருக்கு நாங்கள் போன் போட்டு, அதை வாயால் சொல்ல வேண்டும். எதிர்முனை சொல்வதை அடித்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை. எங்கள் தெருவில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "காது கேக்காதவுகளுக்கு எதுக்கு போனு?" அறிவாளிகள் நிறைந்த தெரு. என்ன செய்வது.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதோடு தமிழ் டைப்பிங் லோயர். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு சார் வந்தார். "நீங்க மனுஷங்கன்னு மறந்துடுங்க. நீங்க ஒரு குழாய். இந்தப் பக்கம் வர்றது அந்தப் பக்கம் போகணும், அவ்வளவுதான்" என்றார். எங்கள் ஊரில் குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வாயைத் திறக்கும் என்று பாவம் அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். அவர் 'நான்' என்று அடித்தால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். எதிர்முனையில் பின்னால் கேட்கிற சத்தத்தையும் விடக்கூடாது. குக்கர் விசில் அடித்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் அடித்து அனுப்ப வேண்டும். காது கேட்கிறவர்களுக்குத் தெரிகிற எதுவும் அவர்களுக்குத் தெரியாமல் போகக்கூடாதாம். இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கம்மா சொன்னத ஒரு நாளாவது சொன்னபடி எங்கிட்ட வந்து சொல்லிருக்கியா? சம்பளம் குடுத்தாத்தான் உனக்கு அது வருமோ?"

"குடுத்துப் பாருங்க" என்றேன்.

நாங்கள் கூப்பிட்டால் பாதிப் பேர் "லோன் வேணாம்மா" என்று வைத்துவிடுவார்கள். மீதிப் பேர், பேசுகிறவருக்குக் காது கேட்காது என்று நான் விளக்கியதும், தொண்டை கிழியக் கத்துவார்கள். கேட்காதவர் சிவகாசியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். கிழிவது என் காது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த அழைப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். அழைப்பில் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பதும் விதி. அதனால் அழைத்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பேரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். விட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை எனக்கு மாரியம்மன் விரதம். கோயிலுக்குப் போய் வந்துதான் கை நனைப்பேன். கீபோர்டில் துளி திருநீறு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர் லைனில் வந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். பொண்டாட்டிக்குக் கேட்கும், பேச்சும் வரும். கொழுந்தியா பிள்ளைக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். தீபாவளி சீசன், மிஷினை நிறுத்த முதலாளி விடவில்லை, இவர் போகவில்லை. சபையில் நாலு பேர் கேட்டு மாமியாருக்கு மானம் போய்விட்டது. விசேஷத்துக்குப் போன பொண்டாட்டி அப்படியே ஆமத்தூரில் அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். செல்போனையும் அணைத்துவிட்டாள். வீடியோவில் சைகையில் பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாமியார் நம்பர் ஒன்றுதான் மிச்சம்.

"இன்னைக்கு அவள் வரலைன்னா இனி வரமாட்டாள். அவள் மாமா நாளைக்குப் பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டிட்டு வர்றார்" என்று அடித்தார். அடுத்த வரியில், "ஒரு நிமிஷம். எண்ணெய்ப் பரோட்டா தின்னுட்டு இருக்கேன். கை கழுவிட்டு வர்றேன்" என்றார்.

எண்ணெய்ப் பரோட்டாவாம். வெறும் வயிற்றோடு அதையும் படித்துக்கொண்டு காத்திருந்தேன். கை கழுவிவிட்டு வந்தார். போன் போட்டு, நான் யார், இது என்ன சேவை என்று மாமியாரிடம் முறைப்படி விளக்கினேன். "சரி சரி" என்றார். பிறகு விதிப்படி ஆரம்பித்தேன்.

"அத்தை, நான் உங்க மருமகன் பேசுறேன்."



"ஏட்டி, யாருடி நீ? எம் மருமகன் போன்ல உனக்கு என்ன சோலி?"

மறுபடியும் விளக்கினேன்.

"அதான பார்த்தேன். காது குத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டா சீசனாம், மிஷினாம். மிஷினு இப்படிப் பொம்பளக் குரல்ல பேசுமோ?"

பதில் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் எனக்கு இப்படி ஒரு பேர். ஆனால் குழாய்க்குக் கோபம் வரக்கூடாதே. அப்படியே அடித்து அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வந்தது. என் வாயாலேயே சொன்னேன்.

"அத்தை, ஒரு பொண்டாட்டியச் சமாளிக்கவே எனக்குத் தெரியலை. இதுல இன்னொண்ணா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல். சிரிப்பை விழுங்கின செருமல்தான். ஆனால் விதியில் செருமல் என்று மட்டும் அடிக்கத்தான் இடம் இருக்கிறது.

அப்புறம் மாமியார் என்னிடம் ரகசியம் பேச ஆரம்பித்தார். "ஏம்மா, நீ நல்ல பிள்ளையாத் தெரியுற. இத அவுகளுக்குச் சொல்லாத. எம் மக பிடிவாதக்காரி. ரெண்டு நாள் தவிக்க விட்டா மாப்பிள்ளைக்குப் புத்தி வரும்னு நாந்தான் பிடிச்சு வச்சிருக்கேன்." 'இத அவுகளுக்குச் சொல்லாத' என்பதையும் சேர்த்து அடித்து அனுப்பினேன். சம்பளம் வாங்குகிறேன் அல்லவா.

இதற்கு நடுவில்தான் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல், அடுப்படியில் இருந்து வந்திருக்க வேண்டும். "சாப்பிட்டாகளான்னு கேளும்மா."

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "நாளைக்கு எந் தம்பி வாரான், எல்லாம் அவன்கிட்டப் பேசிக்கோங்க" என்று போனை வைக்கப் பார்த்தார். நான் அவசரமாக அடித்தேன்: (பின்னால் ஒரு பெண் குரல்: "சாப்பிட்டாகளான்னு கேளும்மா")

அவர் பக்கம் எழுத்து வரவே இல்லை. மாரியம்மா, சீக்கிரம் அடிக்கச் சொல்லு என்று வேண்டிக்கொண்டேன். குழாய் வேண்டிக்கொள்ளலாமா என்று சென்னை சார் சொல்லித் தரவில்லை. பதில் வந்தது. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சொன்னேன்.

"இன்னும் சாப்பிடலைன்னு அவகிட்டச் சொல்லுங்க அத்தை. பசிக்குது."

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, திருநீறு வைத்த கீபோர்டுக்கு முன்னால், பரோட்டா தின்று கை கழுவி வந்தவருக்காக நான் சொன்ன பொய். காலையில் இருந்து பச்சைத் தண்ணீரோடு கிடந்த வயிறு. குரல் தானாகவே கம்மிப் போய் வந்தது. நடிக்கவே தேவைப்படவில்லை.

"நான் அதக் கேக்கவே இல்லையே" என்றார் மாமியார். அப்புறம் திகைத்த குரலில், "பின்னால பேசுறதும் அவுகளுக்குப் போகுதா?" என்றார். அதையும் அடித்தேன். "போகுது அத்தை" என்று வந்தது. சொன்னேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டதாக அவருக்கு நினைப்பு. தெளிவாகக் கேட்டது. "ஏ பிள்ளை, மாப்பிள்ளை இன்னும் சாப்பிடலையாம். குரலே ஒடுங்கிக் கெடக்கு பாவம்."

சற்று முன்னால் ஏட்டி என்று என்னைக் கேட்டவர்தான். இப்போது என் பசியில் மருமகன் குரல் கேட்கிறது அவருக்கு.

மகள் போனைப் பிடுங்கியது கேட்டது. ஒரே மூச்சில் கொட்டினாள். சபையில் தனியாக நின்றது, தாம்பூலத் தட்டைத் தூக்க ஆள் இல்லாதது, வரமுடியாது என்பதை முதல் நாளே சொல்லாதது. விரல் வலிக்க வலிக்க அடித்தேன். அவர் ஒரு வரிதான் அடித்தார். "முதல் நாளே சொல்லிருக்கணும். தப்பு என்மேல்தான்." அதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அதையும் அடித்தேன்.

"அக்கா, போதும். நீங்க வச்சிருங்க. எம் போன ஆன் பண்றேன். வீடியோல நானே பேசிக்கிறேன்."

லைன் துண்டானது. அப்புறம் இருவரும் கையால் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. குழாய்க்கு அங்கே வேலையில்லை.

கோயிலில் சந்நிதி முன்னால் நின்று, அந்தப் பொய்யை அவர் கணக்கிலேயே எழுதிக்கொள் தாயே, நான் வாயை மட்டும்தான் கொடுத்தேன் என்றேன். நான் சொன்னதைச் சொன்னபடி யாருக்கும் அனுப்பாமல் அவள் பாட்டுக்கு அமைதியாக இருந்தாள்.

தீபாவளி கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே மருமகன் லைனில் வந்தார். மாமியாரைத் தீபாவளி மிச்சப் பலகாரத்தோடு சிவகாசிக்கு வரச்சொல்ல வேண்டுமாம். எனக்கு அன்று விரதமில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். "அத்தை, நான் உங்க மருமகன் பேசுறேன்" என்றேன், கணீரென்று.

"வாங்க மாப்பிள்ளை, இன்னைக்குக் குரல் நல்லாத் தெளிவா இருக்கே" என்றார் மாமியார். "அன்னைக்கு வீடியோல உங்களுக்குப் பின்னால பரோட்டாப் பொட்டலம் கெடந்துச்சாம்ல. எம் மக அன்னைக்கே பாத்துட்டாளாம். இருந்தும் கெளம்பி வந்தா பாருங்க."

அப்படியே அடித்து அனுப்பினேன். அவர் பக்கத்திலிருந்து ஒரு வரி வந்தது: "ஒரு நிமிஷம். கை கழுவிட்டு வர்றேன்."